திங்கட்கிழமைப் பட்டியலும் மூன்றாம் படிவமும்

தூத்துக்குடிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான தருவைகுளத்தில் ஒரு பெண்பிள்ளை வாலிபால் ஆடுகிறாள் என்று தெரிந்தால் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்.

"ஏட்டி, யுனிவர்சிட்டி ஆடிட்டியா?"

"இல்ல பெரியம்மா, இன்டர் காலேஜ்தான் ஆடியிருக்கேன்."

அதோடு பேச்சு முடிந்துவிடும். அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்பது பெரியம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது. இந்தக் கரையில் பெண்கள் கல்லூரி வாலிபாலின் தரவரிசைக்கு இருப்பது நான்கு படிகள்: இன்டர் காலேஜ், யுனிவர்சிட்டி, சவுத் சோன், ஆல் இந்தியா. எந்தப் படி வரை ஏறினாய் என்பதுதான் கணக்கு. இந்த வாரம் எப்படி ஆடினாய் என்று கேட்பதற்கு ஆளில்லை. கேட்டாலும் சொல்வதற்கு இந்த வாரம் ஆட்டமே இருந்திருக்காது.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நாலாபுறமும் சோளக்காடு. கடல் வாசனையே அறியாத ஊர். அங்கே 2023 ஆகஸ்ட் 30 அன்று பல்கலைக்கழகப் பெண்கள் வாலிபால் ஆட்டம் ஒன்றைப் பார்க்க 92,003 பேர் கால்பந்து அரங்கில் கூடினார்கள். அந்த ஊரில் கேட்கும் கேள்வி வேறு: "இந்த வாரம் எத்தனையாவது இடம்?" ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை நீளும் பருவத்தில் வாரந்தோறும் முதல் 25 அணிகளின் பட்டியல் வெளியாகிறது. பெரும்பாலும் திங்கட்கிழமை. வெளியிடுவது 1981-இல் தொடங்கிய அமெரிக்க வாலிபால் பயிற்சியாளர்கள் சங்கம். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான வாலிபால் கோப்பையை முதன்முதலாக நடத்தியதும் அதே 1981-இல்தான்.

பட்டியல் உருவாகும் விதம் எளிமையானது. நாடெங்குமிருந்து 64 பயிற்சியாளர்கள் ஆளுக்கு 25 அணிகளை வரிசைப்படுத்தி எழுதித் தருவார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, அடுத்ததற்கு 24, இருபத்தைந்தாவது இடத்துக்கு 1. எல்லாவற்றையும் கூட்டினால் பட்டியல் தயார். 64 பேரும் ஒரே அணியை முதலில் எழுதினால் அந்த அணிக்கு 1,600 புள்ளி. முந்நூறுக்கும் மேற்பட்ட அணிகளில் 25-க்குள் வருவது லேசான காரியமில்லை.

இதோடு கூட எண்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு ஒன்றும் பல ஆண்டுகளாக அங்கே உண்டு. ஓர் அணியின் வெற்றி விகிதத்துக்கு 25 விழுக்காடு. அது மோதிய அணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 விழுக்காடு. அந்த அணிகள் மோதிய அணிகளின் விகிதத்துக்கு மீதி 25. நீ ஜெயித்ததைவிட யாரோடு மோதினாய் என்பதற்கு எடை அதிகம். கோப்பைக்கான 64 அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு இதுபோன்ற கணக்குகளைப் பார்க்குமே தவிர, பயிற்சியாளர்களின் திங்கட்கிழமைப் பட்டியல் அதைக் கட்டுப்படுத்தாது.

இந்த இரட்டைக் கணக்கு முத்துக்குளித்துறைக்காரனுக்குப் புதிதாகத் தோன்ற வாய்ப்பில்லை. 1961-இல் தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடந்து முடிந்தது. அதற்கு முந்தைய காலங்களில் முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. 20 ஓட்டை உள்ள சல்லடையில் ஓட்டைகள் பெரியவை. 30, 50 என்று போய் 1,000 ஓட்டைச் சல்லடையில் பொடி முத்து மட்டுமே இறங்கும். முத்து எந்தச் சல்லடையில் நின்றதோ அதுவே அதன் அளவு. அதில் கைச்சாமர்த்தியத்துக்கு வேலையில்லை. சல்லடை வேலை முடிந்தபின் வியாபாரி முத்தைத் துணியில் பரப்பி உட்காருவார். உருட்சி, ஒளி, நிறம் பார்த்து ஆணிமுத்து இது, அடுத்த தரம் இது என்று ஒதுக்குவது அவருடைய கண். சல்லடையும் கண்ணும் சேர்ந்தால்தான் விலை படியும். அமெரிக்கக் கல்லூரி வாலிபாலில் விகிதக் கணக்கு சல்லடை, பயிற்சியாளர்களின் வாக்கு கண். இரண்டுக்கும் ஒன்று முன்னால் வரவேண்டும்: கரையில் சிப்பி குவிந்திருக்க வேண்டும். அங்கே சிப்பி என்பது ஆட்டம்: அமெரிக்க அணிகள் ஒரு பருவத்தில் சுமார் 30 ஆட்டம் ஆடுகின்றன.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே ஒவ்வொரு படியாக ஏறித்தான் சொல்ல வேண்டும்.

தருவைகுளத்துப் பிள்ளை தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போகிறாள். 1948-இல் தொடங்கிய தூய மரியன்னை கல்லூரி அங்கே இருக்கிறது, ஏ.பி.சி. மகாலெட்சுமி மகளிர் கல்லூரி இருக்கிறது. தெற்கே திருச்செந்தூரில் கோவிந்தம்மாள் ஆதித்தனார் மகளிர் கல்லூரி. இவை எல்லாம் 1990-இல் உருவான மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி என்று அதன் எல்லை நீளும். இந்தக் கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதுவதுதான் இன்டர் காலேஜ். நாக்-அவுட் முறையில் சில நாட்களில் முடிந்துவிடும்.

அதன் பிறகு நடப்பது அமெரிக்காவில் நடக்காத ஒன்று. இந்தியாவில் தேசிய அளவில் மோதுவது கல்லூரிகள் அல்ல, பல்கலைக்கழகங்கள். எனவே இன்டர் காலேஜில் ஆடியவர்களிலிருந்து செலக்‌ஷன் வைத்துப் பல்கலைக்கழக அணியைப் பொறுக்குவார்கள். நேற்று வரை வலைக்கு அந்தப் பக்கம் நின்று பிளாக் போட்டவள், இன்று இவளுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கும் லிஃப்டர். இவளுடைய கை எந்த உயரத்தில் பந்தைத் தேடும் என்று அவளுக்குத் தெரியாது. குறுகிய பயிற்சி முகாம் ஒன்று. அதற்குள் பழகிக்கொள்ள வேண்டும். பிறகு ரயில்.

எதிரில் நிற்பது யார் என்பதில்தான் வேதனை. ஒரே வளாகம், ஒரே விடுதி என்று இருக்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் உண்டு. நல்ல ஆட்டக்காரிகளைப் பள்ளிப் பருவத்திலேயே கண்டு கட்டணச் சலுகையோடு சேர்த்துக்கொள்கின்றன; ஆண்டு முழுவதும் அதே பிள்ளைகள் காலையும் மாலையும் சேர்ந்து ஆடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வசதி செய்துகொடுத்துப் பிள்ளைகளை வளர்ப்பது நல்ல காரியமே. ஆனால் சில வாரம் பழகிய அணியும் மூன்று வருடம் பழகிய அணியும் ஒரே களத்தில் நிற்கும்போது, முடிவில் தெரிவது ஆட்டக்காரியின் தரம் மட்டும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென் மண்டலப் போட்டியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்கள் வருகின்றன. முதலில் நாக்-அவுட், கடைசி நான்கு அணிகளுக்கு லீக். அந்த நான்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். மற்ற மூன்று மண்டலங்களிலிருந்தும் நான்கு நான்காக வந்து சேரும். நாக்-அவுட் என்பதன் பொருளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எதிரணி செட்டுக்கு 25 வீதம் மூன்று செட் எடுத்தால், 75 புள்ளியில் ஓர் ஆண்டு முடிந்துவிடும். ஒன்றே கால் மணி நேரம்கூட ஆகாது. முந்தின இரவு ரயிலில் தூங்காமல் வந்தவர்கள், அன்று காலை கணுக்கால் பிசகியவள், டிராவில் முதல் சுற்றிலேயே பலமான அணி வந்து விழுந்தவர்கள், யாருக்கும் அடுத்த வாரம் இல்லை. லிங்கனில் செப்டம்பரில் ஓர் ஆட்டம் தோற்றால் இரண்டு மூன்று இடம் இறங்கும், அக்டோபரில் ஏறிக்கொள்ளலாம். இங்கே தோற்றவர்கள் அன்று மாலையே பெட்டி கட்டுகிறார்கள்.

தேசியத் தரவரிசை என்று சொல்லத்தக்கது நம்மிடம் அறவே இல்லையா? இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை. முந்தைய ஆண்டு முதல் இடங்களைப் பிடித்த அணிகளை டிராவில் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைக்கும் வழக்கம் உண்டு. 2020-இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கு, அகில இந்தியப் போட்டியில் முதல் எட்டு இடம் பிடித்த அணிகள் போகின்றன. எல்லா விளையாட்டுகளின் புள்ளிகளையும் கூட்டிச் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை கொடுப்பது 1956-57 முதல் நடக்கிறது. அமிர்தசரஸின் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் அதை 20 தடவைக்கு மேல் தட்டிச் சென்றிருக்கிறது. இவை எல்லாமே சென்ற ஆண்டைச் சொல்பவை. போன வருடம் நான்காம் இடம் வாங்கிக் கொடுத்த பிள்ளைகளில் பாதிப்பேர் படிப்பு முடித்துப் போயிருப்பார்கள். அவர்கள் சம்பாதித்த இடத்தில் இந்த வருடத்து முதலாமாண்டு மாணவி நிற்பாள். இவ்வளவிலும் ஒரு கல்லூரியின் பெயர் எங்கும் வராது. தூத்துக்குடியில் எந்தக் கல்லூரி எவ்வளவு நன்றாக ஆடினாலும் தேசியப் பட்டியல் எதிலும் அதற்குக் கோடு கிடையாது. இன்டர் காலேஜோடு அதன் பெயர் பல்கலைக்கழகத்துக்குள் கரைந்துவிடுகிறது.

இதற்காகத் திங்கட்கிழமைப் பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு வா என்று நான் சொல்லமாட்டேன். அதில் கோளாறு இருக்கிறது. பருவத்தின் முதல் சர்வீஸ் விழுவதற்கு முன்பே ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. யாரும் ஆடாதபோது எதைப் பார்த்து எழுதினார்கள்? பழைய பேரை. அந்தப் பேர் பல வாரம் ஒட்டிக்கொண்டே இருக்கும். பெரிய பேர் இல்லாத சின்னக் கல்லூரி பத்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தாலும், 'யாரை ஜெயித்தது?' என்ற சந்தேகத்திலேயே நிற்கும். 64 பேரும் எல்லா ஆட்டத்தையும் பார்க்கவும் முடியாது. 2025-இல் நெப்ராஸ்கா தோல்வியே காணாமல் முதலிடத்தில் இருந்தது. டிசம்பரில், சொந்த ஊரான லிங்கனிலேயே, டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் ஐந்து செட் ஆடி 2-3 என்று தோற்று வெளியேறியது. வென்ற அணி அதோடு நிற்காமல் தன் முதல் கோப்பையையும் தூக்கியது.

ஆனால் அந்தத் தோல்வி அங்கே ஏன் அவ்வளவு பெரிய செய்தி ஆனது? பதினைந்து வாரமாக ஒரு கதை கட்டப்பட்டிருந்தது. யார் முதலிடம், யார் துரத்துகிறார்கள், எந்த ஊர் அணி திடீரென ஏறுகிறது என்று பார்வையாளருக்குத் தெரியும். பட்டியல் தப்பாக இருந்தாலும், எதில் தப்பு என்று வாதாட ஒரு தாள் கையில் இருக்கிறது. பெண்கள் விளையாட்டுக்கு அந்த அளவு கவனம் சும்மா வந்துவிடவில்லை. கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு கூடாது என்று 1972-இல் வந்த சட்டம் முதல் காரணம். 2025 வரை ஓர் அணியில் 12 பேருக்கு முழு உதவித்தொகை கொடுக்க இடமிருந்தது இன்னொன்று. பணமும் சட்டமும் ஆட்டங்களைக் கொண்டுவந்தன, ஆட்டங்கள் பட்டியலைக் கொண்டுவந்தன. அந்த வரிசை மாறாது.

இங்கே பட்டியலின் இடத்தில் நிற்பது ஒரு காகிதம். மூன்றாம் படிவம், பிள்ளைகள் வாயில் 'ஃபார்ம் த்ரீ'. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் கையெழுத்திட்டுத் தருவது. நான் பார்த்த ஒன்று, மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறைக்குள், ஞானஸ்நானச் சான்றுக்கும் குடும்ப அட்டைக்கும் நடுவில் இருந்தது. பேர், அப்பா பேர், ஊர், போட்டி, நடந்த இடம், தேதி. கடைசியில், அணி பெற்ற இடம் என்று ஒரு புள்ளிக்கோடு. ஒரு பெண்ணின் மூன்றாண்டு வாலிபாலுக்குத் தேசம் கொடுத்திருக்கும் இடம் அந்தக் கோட்டுக்குள் அடங்குகிறது. காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கான 10 விழுக்காடு, தமிழக அரசுப் பணிகளில் 3 விழுக்காடு என்ற கதவுகளை அந்தக் காகிதத்தை வைத்துத்தான் தட்ட வேண்டும். அப்பா பருவலைப் படகில் தங்குகடலுக்குப் போய் நாள்கணக்கில் கரை காணாமல் இருக்கும் வீட்டில், அது வெறும் சான்றிதழ் இல்லை. பெரியம்மா "யுனிவர்சிட்டி ஆடிட்டியா" என்று கேட்டது அதைத்தான். அந்தக் கேள்வியில் இந்தக் கரையின் கணக்கு சரியாகவே இருந்தது.

படிவம் வேலைக்குக் கதவு திறக்கும். ஆட்டத்தை முன்னேற்ற அதற்குத் தெம்பு கிடையாது. செலக்‌ஷனில் பதினைந்தாவதாக நின்று வெளியே விழுந்தவளுக்கு எந்தப் படிவமும் இல்லை. அதன் பிறகு அவள் எவ்வளவு தேறினாள் என்று அளக்க ஒரு ஆட்டமும் இல்லை.

உலக வாலிபால் கூட்டமைப்பு 2020 முதல் நாடுகளின் தரவரிசையை ஒவ்வோர் ஆட்டம் முடிந்த கையோடு மாற்றுகிறது. தோற்றவர் இழப்பதை ஜெயித்தவர் பெறுகிறார். பலமான அணியைச் சின்ன அணி சாய்த்தால் அதிகப் புள்ளி கைமாறும். வாக்கும் வேண்டாம், பழைய பேரும் வேண்டாம். இதை ஒரு பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளுக்குள் செய்ய ஒரு நோட்டும் பேனாவும் போதும். வேண்டியது சனிக்கிழமை ஆட்டங்கள். தூத்துக்குடியிலும் திருச்செந்தூரிலும் பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் இருக்கும் கல்லூரிகள் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில்தான் இருக்கின்றன.

எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. முறையான ஸ்கோர் ஷீட் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்த ஆறு பேர் எந்த வரிசையில் இறங்கினார்கள், யாருடைய சர்வீஸில் எத்தனை புள்ளி தொடர்ந்து விழுந்தது, எந்தப் புள்ளியில் டைம் அவுட் கேட்டார்கள், யாரை எப்போது மாற்றினார்கள் என்று எல்லாமே சின்னச் சின்னக் கட்டங்களில் இருக்கும். 18-க்கு 22 என்று பின்தங்கிய நேரத்தில் சர்வீஸ் போட வந்த பெண் ஒருத்தி ஏழு புள்ளி தொடர்ந்து எடுத்து செட்டை முடித்திருந்தால், அவளுடைய சட்டை எண்ணோடு அந்தத் தாளில் அது நிற்கிறது. கேப்டன்கள் கீழே கையெழுத்துப் போடுவார்கள். பிறகு அந்தத் தாள் மற்றத் தாள்களோடு நூலில் கட்டப்பட்டு இரும்பு அலமாரிக்குள் போகிறது, அடுத்த இன்டர் காலேஜ் வரை அந்த அலமாரியைத் திறக்க யாருக்கும் காரணம் இருப்பதில்லை.