புதன்கிழமை ஊசியும் தாய்ப்பாலும்

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். கைக்குழந்தையோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருக்கும் தாய்மார்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆனால் திருவள்ளூர் வட்டாரத்துக்கும் தடுப்பூசிக்கும் உள்ள உறவு நீண்டது, வலியும் கலந்தது.

1968இல் திருவள்ளூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பிசிஜி ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்று அறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேர்ந்தெடுத்த களம் இந்த வட்டாரம்தான். உலக சுகாதார நிறுவனமும் துணை நின்றது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவில்லை என்ற முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காப்பதால், பிறந்ததும் பிசிஜி போடும் வழக்கம் மட்டும் தொடர்கிறது.

2008 ஏப்ரல் 23, ஒரு புதன்கிழமை. திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோயின. அதன்பின் செவிலியர்கள் கிராமம் கிராமமாகச் சென்று ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேரும் பாடு தாயின் தலையில் விழுந்தது.

தட்டம்மை ஊசியை ஒன்பது மாதம் வரை தள்ளிவைப்பதற்கும் தாயே காரணம். கருவிலிருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாக வந்த அவளுடைய எதிர்ப்புரதங்கள் பிள்ளையின் ரத்தத்தில் மாதக்கணக்கில் தங்குகின்றன. அவை குறையுமுன் ஊசி போட்டால், ஊசியில் உள்ள வலுவிழந்த கிருமியை அவையே அடக்கிவிடும். ஊசி சரியாகப் பலிக்காது.

தாயின் எதிர்ப்பாற்றல் பிள்ளைக்குப் போய்ச் சேர்வதில் பாலுக்கும் பங்குண்டு என்பதை 1892இல் காட்டியவர் ஜெர்மானிய ஆய்வாளர் பவுல் எர்லிக். அவர் பயன்படுத்திய நஞ்சுகள் நம் வேலியோரச் செடிகளுடையவை: குன்றிமணியும் ஆமணக்கும். சிறுகச் சிறுக நஞ்சு கொடுத்து எதிர்ப்பாற்றல் பெறவைத்த தாய்ச் சுண்டெலியிடம், வேறொரு சுண்டெலியின் குட்டிகளைப் பால் குடிக்கவிட்டார். அந்தக் குட்டிகள் நஞ்சைத் தாங்கின. மனிதப் பாலிலுள்ள ஐஜிஏ என்ற எதிர்ப்புரதம் முக்கியமாகக் குழந்தையின் தொண்டையிலும் குடலிலும் காவல் நிற்கிறது. அது மிகுந்திருப்பது சீம்பாலில். அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் புகட்டிய வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலம் இருந்தது.

வீட்டுப் பெரியவர்கள் செய்த அந்தத் தவறுக்கு அறியாமை காரணம். 2021இல் நடந்ததற்கு அதைச் சொல்ல முடியாது. ஜனவரி 16இல் கொரோனா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் விலக்கி வைக்கப்பட்டார்கள். ஊசியால் தீங்கு என்று யாரும் கண்டறியவில்லை. சோதனைகளில் அவர்களைச் சேர்க்காததால் தரவு இல்லை, அவ்வளவுதான். கொரோனா தொற்றிய தாயும் பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனிலேயே சொல்லியிருந்தது. இஸ்ரேலில் ஃபைசர் ஊசி போட்ட 84 தாய்மார்களை ஆராய்ந்தவர்கள், முதல் டோஸ் போட்ட இரண்டே வாரத்தில் பலரது பாலில் ஐஜிஏ இருந்ததை 2021 ஏப்ரலில் வெளியிட்டார்கள். இந்தியாவில் பாலூட்டுவோருக்கு மே 19இலும் கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2இலும்தான் அனுமதி வந்தது. அதற்குள் இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்டுவிட்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் ஷிப்ட் வேலைக்குப் போகும் தாய்க்கு ஊசி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்தது. 26 வார விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தையும் 2017 திருத்தம் சேர்த்தது.

ஒப்பந்தத் தொழிலாளிகள் உட்பட ஒவ்வொரு தாய்க்கும் இந்த உரிமைகளைத் தொழிற்சாலைகள் தவறாமல் தர வேண்டும். அடுத்த பெருந்தொற்றுக்கான தடுப்பூசிச் சோதனையில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும், அவர்கள் சம்மதத்தோடு, தொடக்கத்திலேயே இடம் தர வேண்டும்.