சேது வழிச் சத்திரங்கள்

பல நாள் நீளும் வேள்வியைக் குறித்த 'சத்ர' என்னும் வடசொல், வழிப்போக்கர்க்குச் சோறிடும் அறச்சாலைக்கும் ஆகிவந்தது. படுக்க இடம் தருவதினும் பசி தீர்ப்பதே அதன் முதற்கடமை என்பது அச்சொல்லாலேயே விளங்கும். தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரப் பெருவழியில் எழுப்பிய சத்திரங்கள் இதற்குத் தக்க சான்று.

கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு ஆட்டுவதும், சேது மணலைக் கங்கையிற் கரைப்பதும் தொன்றுதொட்ட மரபு. பல மாதங்கள் நடந்து வந்தோருக்குத் தஞ்சை நாடு கடைசிக் கட்டம். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. அந்நிலையிலும் சத்திரங்களை விட்டுக்கொடுக்க இரண்டாம் சரபோஜி மன்னருக்கு மனம் வரவில்லை. 1801இல் ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதம் இழந்த அரசுக்காக வாதாடவில்லை, அன்னதானத்துக்காக வாதாடுகிறது.

அக்கடிதம் காட்டும் நடைமுறை வியப்புக்குரியது. அந்தணர் முதல் ஒடுக்கப்பட்டோர் வரை யாவர்க்கும், யோகியர், சங்கமர், பைராகியர் என எவ்வகைத் துறவியர்க்கும் சோறு உண்டு. பிறர் சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் மிளகு முதலியனவும் அளிக்கப்பட்டன. நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதார் எவரேனும் இருப்பின் வருக எனக் கூவியழைத்தனர். நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர், பள்ளியாசிரியர், நோய்க்கும் நச்சுக்கடிக்கும் மருத்துவர் ஆகியோர் அங்கே இருந்தனர். வழியில் இறந்த அயலாரின் அனாதைக் குழந்தைகளையும் சத்திரமே வளர்த்தது.

ஒவ்வொருவர் விரதமும் குலையாமல் ஒரே கூரையின் கீழ் உணவு கிடைத்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. பல்வேறு சமயப் பிரிவுகள் தத்தம் ஒழுக்கத்தோடு யாத்திரையை நிறைவேற்ற இவ்வேற்பாடே துணைநின்றது. ஆனால் அதே நெகிழ்ச்சி சாதி வேற்றுமையையும் சேர்த்தே காத்தது. அனைவர்க்கும் சோறு இருந்தது. அனைவர்க்கும் ஒரே பந்தி இருந்ததாகக் கொள்வதற்கில்லை. சத்திரங்களைப் புகழ்வோர் பெரும்பாலும் இதனை விட்டுவிடுகின்றனர்.

ஒரத்தநாட்டில் 1802இல் எழுந்த முக்தாம்பாள் சத்திரத்துக்கு மற்றுமொரு சிறப்புண்டு. முக்தாம்பாள் முறைப்படி மணந்த அரசியல்லர். சரபோஜியின் அன்புக்குரியவராக வாழ்ந்து மறைந்தவர். கல்வெட்டிலும் கோயிலிலும் அரசியரைப் போல் இடம்பெற வாய்ப்பற்ற அவருடைய பெயர் முக்தாம்பாள்புரம் என ஊர்ப்பெயராயிற்று. நீடாமங்கலத்துச் சத்திரம் தாங்கியதும் யமுனாம்பாள் என்னும் பெண்ணின் பெயரே.

1820 முதல் 1822 வரை சரபோஜி பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை சென்றுவந்தார். பிறர் நடந்து வந்த வழியை அவரும் எதிர்த்திசையில் கண்டார்.

இருப்புப்பாதை வந்தபின் நடைவழி தேய்ந்தது. சத்திரங்களின் பொறுப்பு மன்னர் குடும்பத்தை விட்டு வாரியங்களுக்கும் அரசுக்கும் மாறியது. முகப்பில் யானையும் குதிரையும் செதுக்கிய ஒரத்தநாட்டுக் கட்டடம் பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. வேதம் ஓதுவோரும் பைராகியரும் அங்கு வருவதில்லை. பாடம் கேட்கும் வழக்கம் மட்டும் பல காலம் நின்றது.