பேர்ல் தெருவில் மூண்ட பூசல்

நியூயார்க் நகரத்தின் தென்பகுதியில், பேர்ல் தெருவில் தாம் நிறுவிய மின் நிலையத்திலிருந்து 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் நேர் மின்சாரத்தை அனுப்பி, வால் தெருச் செல்வந்தர் மார்கனின் காரியாலயத்தில் எடிசன் விளக்கேற்றிய வரலாற்றைப் பலரும் அறிவர். ஆனால், அந்நிலையத்தின் தொடக்க நாட்களில், கூடி உழைக்க வேண்டிய இரண்டு யந்திரங்கள் தம்முள் பூசலிட்ட சம்பவத்தை நினைப்பவர் சிலரே.

ஒவ்வொன்றும் ஏறத்தாழ 27 டன் எடையுள்ளதாய், சர்க்கஸ் யானையொன்றின் பெயரால் ‘ஜம்போ’ என்று வழங்கிய டைனமோக்கள், நிமிஷத்துக்கு 350 சுற்று என்னும் கணக்கில் நீராவி யந்திரங்களால் அங்கே சுழன்றன. ஒன்றைத் தனியே ஓட்டியபோது குறையேதும் தோன்றவில்லை. இரண்டாவதை அதனோடு இணைத்தவுடனே ஒன்று நின்றுபோக, மற்றது ஆயிரம் சுற்றை எட்ட, மறுகணமே நின்றது விரைந்து, விரைந்தது நின்றது. கட்டடம் கிடுகிடுக்க, கூடியிருந்தோர் சிதறி ஓட, எடிசன் ஒன்றன் நீராவியையும், நிலைகலங்காத அவருடைய சகா ஜான்சன் மற்றதன் நீராவியையும் பாய்ந்து அடைத்தார்கள்.

வேகத்தைக் காக்கும் கவர்னர் என்னும் உறுப்பு ஒவ்வொரு யந்திரத்திலும் தன்போக்கில் இயங்கியதும், ஒன்று சற்றே முந்தினால் அதன் மின்சாரம் பிந்தியதனுள் பாய்ந்து அதை மோட்டாராக்கிச் சுழற்றியதுமே இவ்வனர்த்தத்துக்குக் காரணம். எடிசன் கவர்னர்களை இரும்புத் தண்டால் பிணைத்தார். தண்டு முறுகி நெகிழ்ந்தது. பிறகு, குழாய்க்குள் தண்டைச் செருகி, இரண்டையும் எதிரெதிராக முறுக்கி ஆணியடித்துப் பிணைத்து ஒருவாறு சமாளித்தவர், முடிவில் நீராவி யந்திரங்களையே மாற்றிவிட்டார்.

பாரம் ஏற ஏற மின்னழுத்தம் சிறிதே தாழும் இயல்புடைய டைனமோக்கள், அதிகம் சுமந்தது தணிய, குறைவாகச் சுமந்தது ஏற்றுக்கொள்ள, ஏவுவாரின்றியே சுமையைப் பகிர்ந்துகொள்ளும் என்பது பின்வந்தோரின் அனுபவம். தாழாமல் நிமிர்ந்து நிற்கும்படி சுற்றப்பட்ட டைனமோக்களை இணைக்கவோ, அவற்றுக்கிடையே தனியாகத் தடித்த தாமிரச் சட்டம் ஒன்று வேண்டியிருந்தது. விட்டுக்கொடுப்பதே கூட்டுறவின் மூலம் என்னும் தத்துவம் இவ்வாறு யந்திரசாலையில் புலப்பட்டது.

மாறு மின்சாரம் பரவ, நேர் மின்சாரம் ஒடுங்கியது. நியூயார்க்கில் அதன் கடைசி இணைப்பு 2007-இல் துண்டிக்கப்பட்டது. எனினும், சூரியத் தகடும் பாட்டரியும் நேர் மின்சாரத்தையே தருவதால், ஒரு கட்டடமோ ஒரு குக்கிராமமோ தனக்கென அமைத்துக்கொள்ளும் சிறு மின் வலைகளில் அது மீண்டும் தலையெடுக்க, பழைய பூசலும் உடன் வந்தது. அங்கே தகட்டையும் பாட்டரியையும் வலையோடு இணைக்கும் மாற்றிக் கருவிகளுக்குப் பாரத்துக்கேற்பத் தாழும் அதே பணிவைப் பொறியாளர் புகட்டினர். அதிலும் குறையுண்டு: கம்பிகளின் தடை வேறுபடுவதால் பங்கீடு பிறழும், மின்னழுத்தமும் வேண்டிய அளவுக்குக் கீழே நிற்கும். ஆகவே ஒவ்வொரு கருவியும் தன் நிலையைப் பக்கத்துக் கருவிக்கு மட்டும் சொல்லி, அதன் நிலையைக் கேட்டு, தன்னைச் சிறிது திருத்திக்கொள்கிறது. இச்செய்தி கைமாறிக் கைமாறி வலை முழுவதும் சமநிலை எய்துகிறது. தலைமைக் கருவி என்று ஒன்று இல்லாமையால், ஒன்று பழுதுற்றாலும் ஏனையவை வேலையை நிறுத்துவதில்லை.

பேர்ல் தெரு நிலையம் 1890 ஜனவரியில் தீக்கிரையானபோது தப்பிய ஒரே ஜம்போ, மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டின் பெயரால் விளங்கும் காட்சிசாலையில் இன்று நிற்கிறது. பூசலிடவும் பங்கிடவும் இணையின்றி, தனியே.