ஏஇஆர்ஏ ஆண்டு மாநாடு (கல்விக் கொள்கை அமர்வுகள்)

1916இல் தோன்றிய அமெரிக்கக் கல்வி ஆய்வுக் கழகம் (ஏஇஆர்ஏ) வழக்கமாக வசந்த காலத்தில் நடத்தும் மாநாடு. கழகத்தின் 12 பிரிவுகளுள் ‘எல்’ பிரிவு கல்விக் கொள்கைக்கும் அரசியலுக்கும் உரியது. பள்ளிக்கு நிதி ஒதுக்குதல், ஆசிரியர் மதிப்பீடு, இன அடிப்படையில் பள்ளிகள் பிரிந்துகிடத்தல் போன்றவை இங்கே விவாதிக்கப்படுகின்றன.

கட்டுரை முன்மொழிவை மாதக்கணக்கில் முன்னதாகவே அனுப்ப வேண்டும். எழுதியவர் பெயரை மறைத்தே மதிப்பிடுவார்கள். தேர்வானவை கட்டுரை அமர்வு, வட்டமேசை, சுவரொட்டி என்று பிரித்துத் தரப்படும். கட்டுரை அமர்வில் நான்கைந்து பேர் ஒரே மேடையைப் பகிர்வதால், பல ஆண்டு உழைப்பைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டியிருக்கும். ஆய்வு முறையை விளக்கிக்கொண்டே போய், முடிவைச் சொல்ல வரும்போது அமர்வின் தலைவர் ‘ஒரு நிமிடம்’ என்ற அட்டையைத் தூக்கிவிடுவது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது. கண்டறிந்ததை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அமர்வின் உயிர் கருத்துரையாளர்தான். கட்டுரைகளை முன்பே படித்து வந்து, தரவு தாங்காத முடிவு எது, கொள்கை வகுப்போருக்குப் பயன்படுவது எது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். வட்டமேசையில் திரையோ ஒலிபெருக்கியோ இருப்பதில்லை; ஆனால் இளம் ஆய்வாளருக்கு மனம்விட்ட உரையாடல் அங்கேதான் வாய்க்கிறது.