கரிசல் நாட்டில் பிணி பேணுவார் அயர்ச்சி

கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் மாண்டார் தொகையையும் நோய் பரவிய வழியையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நோயாளியின் அருகிருந்து தொண்டாற்றினாருடைய உடலும் உள்ளமும் எந்நிலை எய்தின என்பதை ஆராய்ந்தார் சிலரே. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது இக்குறை நன்கு புலனாயிற்று. கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் வட்டாரத்தை நிலைக்களமாகக் கொண்டு இதன் பழமையை ஈண்டு நோக்குவாம்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றனோடு, அருகிருந்து பேணும் ‘உழைச்செல்வா’னும் ஒரு கூறாக எண்ணப்படுகின்றான். ஏவலாள் என ஒதுக்காது மருத்துவனோடு ஒப்ப எண்ணியமை போற்றற்குரியது. உரையெழுதிய பரிமேலழகர், அவன்பால் இருக்கவேண்டிய பண்புகளுள் நோயாளியிடத்து அன்புடைமையை ஒன்றாக வைத்தார். அவனிடம் வேண்டப்படுவன யாவை என்பது உரையால் விளங்கும். அவனுக்கு வேண்டுவன யாவை என்னும் வினா அங்கு எழவில்லை. இஃது உரையாசிரியர் குறையன்று. நூன்மரபே அவ்வாறு அமைந்தது.

அவ்வினாவிற்குரிய விடை சங்கப் பாட்டொன்றில் கிடைக்கின்றது என்பது எம் கருத்து. குறுந்தொகை 44ஆம் பாட்டு வெள்ளிவீதியார் இயற்றியது. உடன்போக்குச் சென்ற மகளைச் சுரத்திடைத் தேடும் செவிலியின் கூற்றாக அமைந்தது. நடந்து ஓய்ந்த தன் காலையும், பார்த்துப் பார்த்து ஒளி மழுங்கிய தன் கண்ணையும் அவளே எடுத்துரைக்கின்றாள். பேணுவோள் தன் அயர்ச்சியைத் தன் வாயாற் கூறும் அரிய இடம் இது. மருத்துவமனைத் தாதியர்க்கு இன்று ‘செவிலியர்’ என்னும் பெயர் வழங்குகின்றது. பெயர் வந்து சேர்ந்தது. அயர்ச்சியை எடுத்துரைக்கும் உரிமை உடன் வரவில்லை.

கரிசற் சிற்றூர்களில் மருத்துவம் பிறப்பொடு பட்ட குடித்தொழிலாய் இருந்தது. முடிதிருத்துவோரே மருத்துவர், பண்டிதர் எனப் பெயர் பெற்றுப் புண்ணுக்கும் கட்டிக்கும் பண்டுவம் பார்த்தனர். அவர்தம் மனைவியர் மருத்துவச்சியராய்ப் பிள்ளைப்பேறு பார்த்தனர். களத்து மேட்டில் அளந்த தானியமே கூலி. கிணற்று நீர் பெரும்பாலும் உவர்ப்பாதலின் ஊருணியையே நம்பிய ஊர்கள் பல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தோடு வாந்திபேதியும் சேர்ந்து வந்தது. அழைத்த வீட்டிற்குச் செல்லுதல் குடிக்கடன் எனப்பட்ட இடத்தில் ‘இயலவில்லை’ என்பதற்கு இடம் ஏது?

சட்டமும் நெடுங்காலம் இதனைக் கருதவில்லை. 1896இல் பம்பாயில் பிளேக்கு நோய் தோன்றவே, மறு ஆண்டில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. அதன்வழி நல்லெண்ணத்தோடு செயற்பட்ட அலுவலர் வழக்கினின்றும் காக்கப்பட்டனரேயன்றிப் பணியாளர் தாக்குதலினின்றும் காக்கப்படவில்லை. 2020 ஏப்ரல் 19இல் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவால் மாண்டார். அவர் உடலை அடக்கம் செய்யவிடாது சிலர் கல்லெறிந்தனர். உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் தம் கையாலேயே குழியை மூட நேர்ந்தது. ஏப்ரல் 22இல் வெளியான அவசரச் சட்டம், நலப்பணியாளரைத் தாக்குவோர்க்கு ஏழாண்டு வரை சிறை விதித்தது. உடற்காயத்திற்கு இவ்வாறு அளவு கிடைத்தது.

உள்ளத்தின் சோர்வுக்கு அளவு வேறு. அமெரிக்க உளவியலறிஞர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் வெளியிட்ட அளவுகோல் மூன்று கூறுகளை உடையது: உணர்ச்சி வறண்டுபோதல், பேணப்படுவோரை மக்களாக எண்ணாது பொருளாக எண்ணத் தொடங்குதல், செய்த பணி பயனற்றதெனத் தோன்றுதல். இவற்றுள் இரண்டாவதே கொடிது. பரிமேலழகர் வேண்டிய அன்பு அழியும் இடம் அதுவேயாகும். உலக நலவாழ்வு நிறுவனம் 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப்பகுப்பு, இதனை நோயெனக் கொள்ளாது தொழில்சார் நிகழ்வெனக் கொண்டது. பணியாளைப் பழியாது பணிச்சூழலை வினவ இஃது இடந்தருகின்றது. எனினும், விடுப்பிற்கு நோய்ச்சான்று கேட்கும் அலுவலகத்தில் இதுவே இடராதலும் கூடும்.

சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. கரிசலில் ஊர்கள் ஒன்றற்கொன்று தொலைவில் உள்ளமையால் கிராம சுகாதார செவிலியர்க்கு அவ்வளவின் சுமை வழியிலேயே மிகுகின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் நோய்க்காப்புடை அணிந்தோர் அதனைக் களையுமளவும் நீர் அருந்தவும் இயலாதிருந்தனர். சித்திரை வெயிலில் இதன் துன்பம் கூறாமலே விளங்கும். இறந்த பணியாளர் குடும்பத்திற்கு ரூ. 50 இலட்சம் காப்பீட்டை நடுவணரசு 2020இல் அறிவித்தது. 2021 மே திங்களில் தமிழக அரசு மருத்துவர்க்கு 30,000, செவிலியர்க்கு 20,000, ஏனையோர்க்கு 15,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. உயிருக்கும் உழைப்பிற்கும் விலை குறிக்கப்பட்டது. ஓய்வு அக்கணக்கில் இடம்பெறவில்லை.

தென்பாண்டி வழக்கில் ‘சடவு’ என்றொரு சொல் உண்டு. களைப்பையும் சோம்பலையும் அவ்வொரு சொல்லே குறிக்கும். தனக்குச் சடவாக இருக்கிறது என்னும் பணியாளை ஒருவர் இரங்கவும் கூடும், மற்றொருவர் ஏசவும் கூடும். ஆய்வு மாணவர் இச்சொல்லினின்றே தொடங்கலாம். கோவில்பட்டி மருத்துவமனையிலும் கடம்பூர், கயத்தாறு, கழுகுமலைப் பகுதிகளின் சுகாதார நிலையங்களிலும் அவ்விரண்டு ஆண்டுகளில் பணிபுரிந்தோர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். பணிமுறைப் பட்டியல்களும் விடுப்பு விண்ணப்பங்களும் அழிவதற்கு முன்னர் அவர்தம் வாய்மொழியைத் திரட்டல் வேண்டும். ‘மன உளைச்சல் உண்டா?’ என வினவினால் இல்லையென்றே பலர் விடை கூறுவர். சடவு எப்போது தட்டியது என்று வினவுதல் தகும்.