ஆலாக்களின் தீவு

திருவதிகையில் எங்கள் வீட்டுக்கு அருகே ஓடும் கெடிலம், கடலூரில் கடலோடு கலக்கிறது. ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, அந்த முகத்துவாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆலாக்கள் சில அலைமேல் வட்டமிட்டு, தலைகீழாய்ப் பாய்ந்து மீன் பற்றின. வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர், "ஆலா சுற்றும் இடத்தில் மீன் இருக்கும், ஐயா" என்றார். "இவை முட்டையிடுவது எங்கே?" என்று வினவினேன். அவர் கடலின் பக்கம் கையை நீட்டினாரேயன்றி விடை கூறவில்லை.

அக்கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன், மாணவ நண்பர்களே.

அரபிக் கடலில், கவரத்தித் தீவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் பிட்டி என்றொரு மணல் திட்டு உண்டு. பட்சிப் பிட்டி என்றும் அதனை வழங்குவர். பரப்பு ஏறத்தாழ 3 ஏக்கர். மரமில்லை, மனிதர் குடியிருப்பும் இல்லை. அதனையுள்ளிட்ட லட்சத்தீவுகள் 1956 வரை நம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தன. பெரிய கொண்டை ஆலா முதலிய கடற்பறவைகள் அங்கே கூடி முட்டையிடுகின்றன. அவற்றுள் முதுகு கறுத்த ஆலா ஒன்று ஆண்டுக்கணக்கில் கடல்மேல் பறந்து திரிவது. முட்டையிடவன்றித் தரையை நாடுவது அரிது. அத்தகைய பறவைக்கு அம்மணல் திட்டு எத்துணை அருமையானது என்பதை எண்ணிப் பாருங்கள்!

1875-ஆம் ஆண்டு ஆலன் ஆக்டேவியன் ஹியூம் கப்பலேறி அத்தீவுகளுக்குச் சென்றார். கண்டவற்றைத் தாம் நடத்திய 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழில் எழுதினார். 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்ற முன்னின்ற ஹியூம்தான் அவர். பறவைகளைச் சுட்டு வீழ்த்தி ஆராய்ந்த காலம் அது. இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுத அவர் பல்லாண்டு குறிப்புகள் சேர்த்தார். சிம்லாவில் அவர் இல்லாத சமயம், பணியாள் ஒருவன் அக்கையெழுத்துப் படிகளைப் பழைய காகிதமென்று கடைவீதியில் விற்றுவிட்டான்! மனமுடைந்த ஹியூம், ஏறத்தாழ 82,000 பறவைத் தோல்களையும் முட்டைகளையும் 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கிவிட்டு, பறவை ஆராய்ச்சியையே கைவிட்டார்.

இதனைப் படித்தபோது என் நெஞ்சு திடுக்கிட்டது. என் பாட்டனார் காலத்தில் எங்கள் வீட்டு ஏட்டுச் சுவடிகளை ஆடிப் பெருக்கில் கெடிலத்தில் விட்டார்களாம். அவற்றில் என்ன இருந்ததென்று இன்று சொல்வார் எவருமில்லை.

தோல்கள் லண்டன் சென்றன, குறிப்புகள் அழிந்தன, தீவு மட்டும் நிலைத்தது. 1995-இல் பிட்டி பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சட்டம் இடத்தைக் காக்கும். அங்கே நேற்று எத்தனை பறவைகள் இருந்தன என்பதை, எழுதி வைத்தவனின் ஏடே காக்கும். முந்தைய கணக்கு இல்லையேல், குறைவு நேர்ந்ததையும் நாம் அறியோம்.

அன்று முகத்துவாரத்திலிருந்து திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். நாள், இடம், எண்ணிக்கை மூன்றையும் முதற்பக்கத்தில் எழுதினேன்: ஆலாக்கள், பதினொன்று. உங்கள் ஊர் ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் நீங்களும் அவ்வாறே எழுதுங்கள். எழுதியதைப் பத்திரப்படுத்துங்கள்.