வேலிக்கு வெளியே வந்த பாதரசம்

காரிமங்கலத்தில் எங்கள் வீட்டில் ஒருமுறை தெர்மாமீட்டர் கீழே விழுந்து உடைந்தது. உருண்டோடிய பாதரச மணிகளை உள்ளங்கையில் ஏந்தி விளையாடினோம். மிச்சத்தை அம்மா விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினார். அது நஞ்சென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த விளக்குமாறுதான் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இயங்கிய ஆலை, 1980களில் இயந்திரங்களோடு கொடைக்கானலுக்கு வந்தது. பிறகு இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கு, கழிவு நமக்கு. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக்கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, சுமார் 7.4 டன், கிடந்தது வெளிவந்தது. போராட்டத்துக்குப் பின் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது.

மண் மிஞ்சியது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று சுத்திகரிப்புக்கு அளவு வைத்தார்கள். பாம்பார் சோலையின் விளிம்பிலுள்ள நிலத்துக்கு அது போதாது என்று சூழலியலாளர்கள் வாதாடினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அங்கே பெய்யும் மழை சோலை வழியாக இறங்கி ஓடுகிறது.

ஆனால் மண்ணை அளப்பவர்கள் வேலியோடு நின்றுவிடுகிறார்கள். பாதரசம் ஆவியாகும், துணியில் ஒட்டும், வேலை உடுப்போடு வீட்டுக்கு வரும். அதன் ஆவி நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் தொடும். 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக நிறுவனம் உடன்பாடு கண்டது. சம்பளப் பட்டியலில் இருந்தவர்களின் கணக்கு அது. அந்த உடுப்புகளை வருடக்கணக்கில் கையால் கசக்கிப் பிழிந்த பெண்கள் எத்தனை பேர்? மண் மாதிரி எடுக்க வருகிறவர்களிடம், துவைக்கிற கல்லடி மண்ணிலும் ஒரு பிடி எடுங்கள் என்பேன்.